பயிர்ச்சேதப் பட்டியலை ஊரில் வாசியுங்கள்

டெல்டா மாவட்டங்களில் பயிர்ச்சேதக் கணக்கு எழுதும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும், உதவி வேளாண்மை அலுவலர்களுக்கும், வருவாய் ஆய்வாளர்களுக்கும், அதில் கையெழுத்திடும் வட்டாட்சியர்களுக்கும் ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் சம்பா சாகுபடி செய்கிற குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஐந்து ஏக்கர் சாகுபடி. இரண்டு ஏக்கர் தாத்தா பெயரில் இருக்கிற கூட்டுப் பட்டா நிலம், மூன்று ஏக்கர் குத்தகை. வரவு செலவு நோட்டை எழுதுவது என் வேலை. வயலில் இறங்குவது அப்பா, அம்மா, நான் மூன்று பேரும்தான். உங்களிடம் சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்கவேண்டும். அதற்கு முன் ஒரு நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. புரட்டாசியில் தெளித்த பயிர், தூர் கட்டுகிற நேரம். தண்ணீர் பயிரின் உச்சிக்கு மேல் நின்றது. மழை விட்டதும் வடிந்துவிடும் என்றுதான் இருந்தோம். ஆனால் அமாவாசை நெருக்கம், கடல் வாங்கவில்லை. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கிடந்தது. கடல் ஓதம் ஏறினால் எங்கள் பக்கம் வடிகால் தண்ணீர் திரும்பி வயலுக்கே வரும். டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்து இரண்டு ராத்திரி இறைத்தோம். இறைத்த தண்ணீர் பக்கத்து வயலில் போய் நின்றது, அவர் இறைத்தது எங்கள் வயலுக்கு வந்தது. ஒன்பதாவது நாள்தான் பயிர் தலை தெரிந்தது.

கணக்கெடுக்க அலுவலர் வந்தது அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் கழித்து. அதற்குள் வெயில் அடித்துவிட்டது. சாலையிலிருந்து பார்த்தால் வயல் பச்சை. நுனி இலை பச்சை, நடுவில் முளைத்த கோரையும் பச்சை. சாலையில் நின்றபடியே போனில் ஒரு படம் எடுத்தார். "பச்சையா இருக்கேங்க, தேறிடும்" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் வயலில் இறங்கி ஒரு கைப்பிடி பயிரைப் பிடித்து இழுத்தார். இழுக்கக்கூட இல்லை, தொட்டதும் கையோடு வந்தது. அடித்தண்டு வழுவழுவென்று பழுப்பாக இருந்தது. வேர் கறுத்து, அழுகின முட்டை வாடை. நல்ல பயிர் என்றால் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாலும் மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். அதை அப்படியே அவர் முன்னால் தார்ச்சாலையில் வைத்தார்.

அவர் பார்த்தார். பார்க்காதவர் என்று நான் சொல்லமாட்டேன். "எனக்கு இன்னும் ரெண்டு ஊரு கூடுதல் பொறுப்பு, சாயங்காலத்துக்குள்ள அறிக்கை கேக்குறாங்க" என்றார். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். எத்தனை சதவீதம் என்று அப்பா கேட்டதற்கு, மேலே முடிவு பண்ணுவார்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எங்கள் வயல் பட்டியலில் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது மாசியில். பக்கத்துத் தெருக்காரருக்குப் பணம் ஏறிய செய்தி வந்த பிறகு, நமக்கு ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது. இடைப்பட்ட மூன்று மாதத்தில் அந்தப் பட்டியல் எழுதி, சரிபார்த்து, கையெழுத்தாகி, மேலே போய், பணமாகத் திரும்பி வந்துவிட்டது. அது எழுதப்பட்ட ஊரில் அதை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் கேட்பது இதைத்தான்: பட்டியலை மேலே அனுப்புவதற்கு முன் ஊரில் ஒட்டுங்கள், கிராம சபையில் சத்தமாக வாசியுங்கள்.

நிவாரணத் தொகை போதாது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான், போதாது. பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022இல் வகுத்த விதிப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500, அதுவும் ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான். அதற்கு முன் பாசனப் பயிருக்கு 13,500 ஆக இருந்தது. பட்டாவில் ஹெக்டேர் என்று இருந்தாலும் நாங்கள் யோசிப்பது மாவிலும் ஏக்கரிலும்தான். 17,000 என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 6,880 ரூபாய். என் நோட்டைத் திறந்து பார்த்தால், அந்தக் கார்த்திகை வரை உழவு, விதை, டிஏபி, யூரியா, களைக்கொல்லி, களை பறித்த ஆட்கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 18,000 ரூபாய் இறங்கியிருந்தது. இறைத்த டீசலும் இன்ஜின் வாடகையும் அதில் சேராது.

மாநில அரசு சில வருடங்களில் கூட்டிக் கொடுத்திருக்கிறது. நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 தொடக்கத்தில் ஹெக்டேருக்கு 20,000 என்று அறிவித்தார்கள், இரண்டு ஹெக்டேர் வரம்பையும் எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் பெய்த மழைக்கும் 20,000. அதே வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்கும் 17,000. ஒரே பயிர், ஒரே அழுகல், வருடத்துக்கு ஒரு தொகை. இதை நிரந்தரமாக ஒரு விதியில் வைக்கவேண்டும் என்பது சரியான கோரிக்கை. ஆனால் அது உங்கள் கையில் இல்லை, கோட்டையில் பேசவேண்டியது. உங்கள் கையில் இருப்பது பட்டியல். ஏக்கருக்கு 30,000 என்று உயர்த்தினாலும், பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அது பூஜ்யம்தான்.

அந்த 33 சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். 2015 வரைக்கும் 50 சதவீதம் சேதமானால்தான் நிவாரணம் என்று இருந்தது. அதைக் குறைத்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் 33 என்று யார், எப்போது, எப்படி அளக்கிறார்கள்? 30 என்று எழுதினால் ஒரு ரூபாய் கிடையாது, 35 என்று எழுதினால் முழுத்தொகை. இவ்வளவு பெரிய வித்தியாசம் சாலையில் நின்று பார்க்கிற ஒரு பார்வையில் தீர்மானமாகிறது. தண்ணீர் நிற்கும்போது வந்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஏரி மாதிரி இருக்கும். வடிந்த இரண்டு மூன்று நாளில் வந்தால் எல்லாம் செத்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் கழித்து வந்தால் எங்கள் வயல் மாதிரி பச்சையாகத் தெரியும். மேட்டுப் பகுதியில் அந்தப் பச்சை உண்மையாகவே தேறும். பள்ளத்தில் தேறாது, இன்னும் பத்து நாளில் மஞ்சளாகிப் படுத்துவிடும். எங்கள் வயலில் அதுதான் நடந்தது. எது மேடு, எது பள்ளம், எந்த மடையில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பது ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிற அலுவலருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் தப்பில்லை. ஊரைக் கேட்கவில்லை என்பதுதான் குறை.

ஊரில் வாசித்தால் இது தானாகத் தெரிந்துவிடும். சர்வே எண், உட்பிரிவு, சாகுபடி செய்தவர் பெயர், எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எத்தனை சதவீதம் எழுதினீர்கள். இவ்வளவு போதும். "அந்தப் பள்ளத்துல பன்னெண்டு நாள் தண்ணி நின்னுச்சே, அதை எப்படி விட்டீங்க" என்று நாலு பேர் கேட்பார்கள். அதேபோல, மழையே எட்டாத மேட்டு வயலுக்கு 60 சதவீதம் என்று இருந்தால் அதையும் கேட்பார்கள். ஊருக்குள் கூச்சம் என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வயல்காரன் முன்னால் பொய்க்கணக்கை வாசிக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது. சதவீதத்தைக் கூட்டி எழுதச் சொல்லி உங்களுக்கு வருகிற அழுத்தமும் அதோடு குறையும் என்று நினைக்கிறேன். "அய்யா, ஊரில் வாசிக்கவேண்டும், என்னால் முடியாது" என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

இது ஒன்றும் புது ஏற்பாடு இல்லை. மானியத் திட்டங்களில் பயன்பெறுவோர் விவரத்தை யாரும் கேட்காமலேயே அரசு வெளியிடவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அதே வருடம் வந்த 100 நாள் வேலைச் சட்டத்தில், கிராம சபை சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் மண் வெட்டிய கணக்கை ஊர் நடுவில் வாசித்தார்கள், வாசிக்கக் கேட்டு அம்மா கை தூக்கிக் கேள்வி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கிராம சபையை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூட்டுகிறார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஒன்று, ஜனவரி 26ஆம் தேதி ஒன்று. மழைக்காலத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. இடையில் ஒரு சிறப்புக் கூட்டம் வைத்தால் வேலை முடிந்தது.

அப்புறம், யார் பெயரில் பணம் போகிறது என்பது. இதில்தான் எனக்கு மனசு மிகவும் வலிக்கிறது.

எங்கள் வயலுக்குக் கிழக்கே ஒரு சித்தி ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்கிறார். சொந்த நிலம் கிடையாது. குத்தகைச் சீட்டு எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அவர் வயல் பட்டியலில் வந்தது. பணமும் வந்தது, நில உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு. அவர் வெளியூரில் இருக்கிறார், நல்ல மனிதர். போன் பண்ணி, "என்னம்மா, ஏதோ பணம் ஏறியிருக்கே" என்று கேட்டிருக்கிறார். சித்தி விவரம் சொன்னதும் பாதியை அனுப்பிவைத்தார். சித்தி அதை நன்றியோடுதான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் தாங்கவில்லை. தோடும் மூக்குத்தியும் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து விதைத்தது அவர். முட்டளவுத் தண்ணீரில் நின்று வரப்பை வெட்டி விட்டது அவர். அவர் பட்ட நஷ்டத்துக்கு அரசு கொடுத்த பணத்தில் அவருக்குப் பாதி. அந்தப் பாதிக்கும் அவர் நன்றி சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் மூன்று ஏக்கரும் இதே கதைதான், அதனால் எனக்கு இதன் உள்விவகாரம் தெரியும். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் ஊர்ப் பதிவேடான அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை எழுதிக்கொடுங்கள் என்று கேட்டால், உரிமையாளர் சம்மதம் கொண்டுவா என்பீர்கள். உரிமையாளர் தரமாட்டார். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் மனதில் பயமாக இருக்கிறது. ஒரு தடவை அடங்கலில் பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யத் தனிச்சட்டமே வந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பழைய குடும்பங்களுக்கு அது காவல். எங்களை மாதிரி வருடா வருடம் வாய்ப்பேச்சில் செய்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஆந்திராவில் 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பதினொரு மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை. அதை வைத்து நிலத்துக்கு உரிமை கொண்டாட முடியாது, ஆனால் பயிர்க்கடன், காப்பீடு, நிவாரணம் வாங்கலாம். அங்கும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்பதால் பல பேர் வெளியில்தான் நிற்கிறார்கள். ஆனாலும் வழி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் கிராம சபையால் ஒன்று செய்ய முடியும். இந்த சர்வே எண்ணில் இந்த வருடம் சம்பா போட்டது யார் என்று கேட்டால் ஊரே ஒரே பதில்தான் சொல்லும். அந்தப் பதிலை, "இந்தப் பருவத்துக்கு மட்டும், நில உரிமைக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதி, அந்த ஆளுக்குப் பணம் அனுப்ப ஒரு அரசாணை போதாதா? எனக்குத் தெரிந்து சித்தியின் நில உரிமையாளர் மாதிரி ஆட்கள் இதை எதிர்க்கமாட்டார்கள். அவர்கள் கேட்காத பணம் அவர்கள் கணக்கில் ஏறுவது அவர்களுக்கும் சங்கடம்தான்.

எங்கள் தாத்தா பெயர் நிலத்துக்கு வேறு சிக்கல். தாத்தா இறந்து பதினாறு வருடம். பங்காளிகள் ஆறு பேர், இரண்டு பேர் வெளிநாட்டில். பட்டா பிரிக்கக் கையெழுத்து சேரவில்லை. டெல்டாவில் வீட்டுக்கு வீடு இந்தக் கதை இருக்கும், விரிக்கத் தேவையில்லை. இதற்கும் மேலே சொன்னதே பதில்: யார் சாகுபடி செய்தது என்று ஊரைக் கேளுங்கள்.

காப்பீடு இருக்கிறதே என்று சொல்வீர்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் இருக்கிறது, சம்பாவுக்கு நாங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், கட்டிக்கொண்டுதான் வருகிறோம். ஆனால் அதில் இழப்பைப் பார்ப்பது வயலை வைத்து அல்ல, ஊரை அல்லது பல ஊர் சேர்ந்த பிர்க்காவை வைத்து. எங்கேயோ நாலு வயலில் அறுத்துப் பார்த்து சராசரி போடுவார்கள். மேடு தப்பிவிட்டால் பள்ளத்துக்காரனுக்கும் கிடையாது. நெல் வயல் மூழ்குவதைத் தனி வயல் சேதமாக எடுத்துக்கொள்வதை 2018இல் நீக்கிவிட்டார்கள். 2026 காரிப் பருவத்திலிருந்து திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. ரொம்ப நல்லது. ஆனால் 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு சொல்லவேண்டும். மூன்று நாள் மின்சாரம் இல்லாமல், சாலையில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடுகிற ஊரில் 72 மணி நேரம் என்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். காப்பீடு நிவாரணத்துக்கு மாற்று ஆகாது. இரண்டும் வேறு வேறு, இரண்டும் வேண்டும்.

பணம் எப்போது வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். கார்த்திகையில் பயிர் அழுகினால், பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டில் இருக்கிற பயிரைக் கலைத்து நட்டு, யூரியாவும் பொட்டாஷும் போட்டால் ஒரு பங்காவது தேற்றலாம். அதற்குக் கையில் காசு வேண்டியது பதினைந்து நாளுக்குள். மாசியில் வருகிற பணம் பயிருக்கு உதவாது, வட்டிக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் அந்த வருடம் அம்மாவின் சங்கிலி பொங்கலுக்கு முன் அடகுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. பட்டியலை ஊரில் வாசித்தால் நாள் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நாள் கூடப்போவதில்லை. கணக்கெடுத்த மறுநாளே ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டலாம். மூன்று நாள் ஆட்சேபணைக்கு. சேர்க்க முடியாது என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வடிந்த பத்தாம் நாள், ஆட்சேபணை வந்த வயல்களை மட்டும் இரண்டாவது முறை பாருங்கள். வாசித்து முடித்த பட்டியலுக்குப் பிறகு மனு வராது, மறியல் வராது, திருத்தப் பட்டியல் வராது. இப்போது உங்கள் நாள் போவதெல்லாம் அதில்தானே.

உங்கள் கஷ்டம் தெரியாமல் இதை எழுதவில்லை. மழைக்காலத்தில் உங்களில் பல பேர் வீட்டுக்குப் போகாமல் நிவாரண முகாமில் சோறு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எங்கள் வயலுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்த பேண்ட்டோடு நின்றார். காலையிலிருந்து அவர் சாப்பிட்டாரா என்று அம்மா பிறகு கேட்டார். மூன்று ஊர் வயல்களை இரண்டு நாளில் ஒருவரால் நடந்து பார்க்க முடியாது. அதற்கு ஆள் போடச் சொல்லி நீங்கள் கேட்கிற கோரிக்கையில் நாங்களும் கூட நிற்போம். ஊரில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சுய உதவிக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். நாலு பேர் கூட வந்தால் எந்த மடையிலிருந்து தொடங்கவேண்டும் என்று காட்டுவார்கள், நீங்கள் தேடி அலையவேண்டாம்.

வரும் ஐப்பசிக்கு முன் ஒரு சுற்றறிக்கை அனுப்பச் சொல்லி ஆட்சியர்களைக் கேட்கிறேன். பயிர்ச்சேதப் பட்டியலை ஒட்டாமல், வாசிக்காமல் மேலே அனுப்பக்கூடாது என்று ஒரே வரி. எங்கள் ஊரில் கிராம சபை கூடுவது மாரியம்மன் கோயில் வாசலில், வேப்பமரத்தடியில். ஒலிபெருக்கி ஊராட்சியில் இருக்கிறது. நீங்கள் பட்டியலோடு வாருங்கள், சித்தியையும் அப்பாவையும் முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயக் குடும்பத்திலிருந்து ஒருவர்